காய்ச்சல் இறங்கிய பிறகு: கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலும் கொம்யூன்களின் பொறுப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சிடையே வந்த கிளைச் செய்திகளும் கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



கல்விக்கென்று கொடை எழுதிவைப்பது இந்தப் புதுச்சேரி மண்ணுக்குப் புதிதல்ல. நிருபதுங்க பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. அந்த மரபில் வரும் மேடையில் பொதுவான உடல்நல அறிவுரைகளை அடுக்கிவிட்டுப் போவது சரியாகாது. ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்று காட்டி, அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

கருத்து இதுதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பாக்டீரியாவால் மூளைக்காய்ச்சல் வருகிறது; ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்கிறது; வீடு திரும்புகிறது. அந்த நாளோடு நோய் முடிந்தது என்று எல்லாரும் கணக்கை மூடிவிடுகிறோம். ஆனால் அந்த நோய் மூளையில் செய்துவிட்டுப் போன சேதத்தில் பெரும்பகுதி டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். தலையிட்டுத் திருத்தக் கிடைக்கும் காலமோ சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அந்த வாரங்களில் குழந்தை இருக்குமிடம் வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ உள்ள ஒரு வீடு. ஆகவே பின்கவனிப்பின் முதற்பொறுப்பு அந்த வீட்டுக்கு அருகே, தடுப்பூசி போடும் துணை சுகாதார நிலையத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறேன். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும், காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் தனிக் கதைகள். அவற்றை இன்று தொடவில்லை.

1. கிருமி செத்த பிறகும் சேதம் நிற்பதில்லை

மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே ஓடும் நீரில் நம் உடலின் பாதுகாப்புப் படை மிகக் குறைவு. இரத்தத்தில் கிருமியை மடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அங்கே மிகச் சொற்பம். அதனால் உள்ளே நுழைந்துவிட்ட நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி, அல்லது பிறந்த சில வாரங்களுக்குள் வரும் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகள் தடையின்றிப் பெருகுகின்றன. சரியான மருந்து நரம்பில் ஏறியதும் அவை சாகின்றன. ஆனால் சாகும் கிருமியின் உடைந்த சுவர்த் துணுக்குகளே அழற்சியை மேலும் கிளறிவிடுகின்றன. மூளைக்குள் செல்லும் இரத்தக் குழாய்கள் இந்த அழற்சி நீரின் ஊடாகத்தான் போகின்றன. அவை வீங்கிச் சுருங்கினால் அப்பகுதி மூளைக்கு இரத்தம் நின்றுபோகிறது: பெரியவருக்குப் பக்கவாதம் வருவதுபோல மூன்று மாதக் குழந்தைக்கும் வருகிறது. நீர் வடியும் வழி சீழால் அடைபட்டால் மூளைக்குள் உள்ள அறைகளில் நீர் தேங்குகிறது. இன்னொரு வழி காதுக்குப் போகிறது. மூளையுறை நீருக்கும் உட்காதுக்கும் இடையே ஒரு நுண்ணிய கால்வாய் உண்டு. அதன் வழியே அழற்சி நத்தைச்சுருளுக்குள் இறங்கினால், நோய் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது.

இந்த மூன்று வழிகளையும் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சரியான மருந்து கொடுத்தும் குழந்தைக்குக் குறை வந்தால், ‘ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பு நடந்துவிட்டது’ என்று ஒரு தரப்பும், ‘நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள்’ என்று இன்னொரு தரப்பும் சொல்வது வழக்கம். இரண்டும் சில நேரம் உண்மையாகலாம். ஆனால் நேரத்தோடு வந்து, முறையாக மருந்து பெற்ற குழந்தைகளிலும் ஒரு பங்குக்குச் சேதம் நேர்கிறது. உலகளவில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான பகுப்பாய்வு, பிழைத்து வீடு திரும்பியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறிதோ பெரிதோ ஒரு நிலையான குறை மிஞ்சுவதைக் காட்டியது. பெரிய குறைகளை மட்டும் எண்ணினால் நிமோகாக்கஸ் வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர். ஹீமோஃபிலஸ் பி வந்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்றுக் குறைவு. அப்படி மிஞ்சும் பெரிய குறைகளில் மூன்றில் ஒன்று காது கேளாமை. ஆப்பிரிக்க, தென்கிழக்காசிய வட்டாரங்களில் இந்த ஆபத்து மேலை நாடுகளைவிட அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் வட்டாரப் பிரிவில் இந்தியா தென்கிழக்காசியாவில்தான் வருகிறது.

கைக்குழந்தையிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவருக்குப்போலக் கழுத்து விறைக்காது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாததால் உள்ளழுத்தம் உச்சிக்குழியை மேலே தள்ளிக் காட்டும். சில நேரம் அதுவும் காட்டாது. பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் துவள்வது, கீச்சென்ற வேறு தினுசான அழுகை, உடம்பு சுடுவதற்குப் பதிலாகச் சில்லிட்டுப் போவது, கண் ஒரு பக்கம் செருகி வாயை மெல்லுவதுபோன்ற அசைவு: இவ்வளவுதான் அறிகுறிகள். மாந்தம், சீர் என்று இதற்குக் கிராமத்தில் பெயர் உண்டு, கைமருந்தும் உண்டு. அந்தப் பாட்டிமாரைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பார்த்துச் சொல்லும் குறிகளில் பல சரியானவை. அடுத்து எங்கே போவது என்பதில்தான் நாள் போகிறது. வழியில் ஒரு கிளினிக்கில் போட்ட ஊசி, கிருமியைப் பாதி அடக்கிவிட்டு, பிறகு எடுக்கும் தண்டுவட நீரில் எதுவும் வளராமல் செய்துவிடுவதும் உண்டு.

தண்டுவட நீர் எடுப்பதற்கே பலர் சம்மதிப்பதில்லை. ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்ற அச்சம் படித்த குடும்பங்களிலும் இருக்கிறது. ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. பிற்பாடு கால் விளங்காமல் போன குழந்தையைப் பார்த்து ஊசியைக் குற்றம் சொல்கிறார்கள். அந்தக் காலை முடக்கியது மூளைக்குள் இரத்தம் நின்றுபோனதுதான். இந்த அச்சத்தால் வரும் நட்டம் சிகிச்சையோடு முடிவதில்லை. நீர் எடுக்காத குழந்தையின் சீட்டில் ‘காய்ச்சல் வலிப்பு’ என்றோ ‘மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்’ என்றோ எழுதப்படுகிறது. பெயரே உறுதியாகாத நோய்க்குப் பின்கவனிப்பை யாரும் வற்புறுத்துவதில்லை.

2. குறை தன் பருவம் வரும்போதுதான் முகம் காட்டும்

என் வாதத்தின் நடுத்தூண் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். இரண்டு மாதக் குழந்தை எதையும் எட்டிப் பிடிப்பதில்லை. ஆகவே அதன் இடக்கையை ஆளும் மூளைப்பகுதி செத்திருந்தாலும், இரண்டாம் மாதத்தில் அது எல்லாக் குழந்தைகளையும்போலவே இருக்கும். ஐந்தாம் மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டும்போது வலக்கை மட்டும் வரும்; இடக்கை முஷ்டி மடங்கியே இருக்கும். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் விரும்புவது ஆரோக்கியமான குழந்தையின் பழக்கமல்ல. வீட்டில் ‘இவன் வலக்கைப் பழக்கக்காரன்’ என்று மகிழ்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள். பேச்சின் குறை ஒன்றரை வயதில் தெரியும். கவனம் நிலைக்காமை, கணக்குப் புரியாமை எல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு தெரியும். அப்போது அது மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் கண்ணுக்குச் சோம்பலாகப் படும். ஏழு வயதுச் சிறுவனின் மந்தத்தையும் அவன் இரண்டு மாதத்தில் பட்ட காய்ச்சலையும் இணைத்துப் பார்க்க அந்த ஆசிரியரிடம் எந்தத் தாளும் இல்லை.

இது ஊகமா என்று கேட்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1985 முதல் 1987 வரை ஒரு வயதுக்குள் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைகளின் ஐந்து வயது நிலையைத் தேடிப் பிடித்துக் கேட்டறிந்த ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அப்படி விவரம் கிடைத்த 1,584 பேரில் 15.6 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான குறை. நோய் வராத ஒப்பீட்டுக் குழுவில் அது 1.5 சதவீதம். பத்து மடங்கு. அதே தொகுதியைச் சேர்ந்தவர்களைப் பதின்பருவத்திலும் தொடர்ந்தார்கள். சாதாரணப் பள்ளிகளில் படித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோதே, அவர்களில் சுமார் நான்கில் ஒருவர் பள்ளியிறுதித் தேர்வில் ஒரு பாடத்தில்கூடத் தேறவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஐந்து வயதில் ‘சரியாகிவிட்டான்’ என்று சொல்லப்பட்ட சிலரும் அந்த நான்கில் ஒருவருக்குள் இருந்திருக்க வேண்டும். இலவச மருத்துவமும் குடும்ப மருத்துவர் பதிவேடும் உள்ள நாட்டின் நிலவரம் இது.

இதற்கு எதிராக மருத்துவர்களே சொல்லும் ஒரு வாதம் உண்டு: குழந்தை மூளை நெகிழ்வானது, ஒரு பகுதி பழுதானால் இன்னொரு பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், பெற்றோரைப் பதற வைக்காமல் காத்திருந்தால் போதும். முதற்பாதி சரி. பிற்பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்வது அதற்குள் வரும் ஒலி, ஒளி, தொடுகை, அசைவு ஆகியவற்றைக் கொண்டுதான். காது கேளாத குழந்தையின் மூளைக்கு ஒலியே போவதில்லை. பயன்படுத்தப்படாத கையிலிருந்து செய்தி எதுவும் வருவதில்லை. அந்த நெகிழ்வும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்சத்தில் இருந்து பிறகு குறைகிறது. நெகிழ்வை நம்புகிறவர்தான் எல்லாரையும்விட அவசரப்பட வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் தெரிவதெல்லாம் ஆபத்தல்ல. மூளைக்காய்ச்சல் வந்த கைக்குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேருக்கு மூளையுறைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் தானே வற்றிவிடும். காய்ச்சல் விடாமல் தொடர்ந்தாலோ தலை பெருத்தாலோதான் அதைத் தொட வேண்டும். நோயின் முதல் மூன்று நான்கு நாட்களில் வந்து நின்றுவிடும் வலிப்பைவிட, அதற்குப் பிறகும் விடாமல் வரும் வலிப்புதான் பிற்காலத்தைப் பற்றிக் கெட்ட செய்தி சொல்வது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற இந்தப் பாகுபாட்டைத் தாய்க்குப் புரியும் தமிழில் டிஸ்சார்ஜ் நாளில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

3. காத்திருக்க முடியாத இரண்டு: தலையும் காதும்

மற்ற குறைகளுக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டென்று வைத்துக்கொண்டாலும், இந்த இரண்டுக்கும் இல்லை.

மூளைக்குள் நீர் தேங்கினால் பெரியவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம். கைக்குழந்தையின் மண்டையோடு இன்னும் மூடாததால் அழுத்தம் தலையை விரித்துக்கொண்டே போகும். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டும் இருக்கும். தலையின் சுற்றளவு பிறப்பில் ஏறத்தாழ 34 செ.மீ. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் 1 செ.மீ., ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை அரை செ.மீ. என்று அது வளர வேண்டும். நான்காம் மாதத்தில் ஒரு குழந்தையின் தலை இரண்டு வாரத்தில் 2 செ.மீ. கூடியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க நரம்பியல் வல்லுநர் வேண்டாம். நீளாத ஒரு அளவு நாடாவும் போன முறை எழுதிவைத்த எண்ணும் போதும். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டையின் மிகத் துருத்திய இடத்தின் வழியாகச் சுற்றி, மூன்று முறை அளந்து, மிகப் பெரிய எண்ணை எழுத வேண்டும். நேரத்தில் அனுப்பினால் கிருமி அடங்கிய பிறகு ஷண்ட் குழாய் வைத்து நீரை வயிற்றுக்குத் திருப்பிவிட முடியும். தாமதித்தால் மூளைத்திசு நசுங்கி மெலிந்துவிடுகிறது. அதன்பின் குழாய் வைத்தாலும் இழந்ததில் பெரும்பகுதி திரும்புவதில்லை.

காதின் அவசரம் இன்னும் கடுமையானது, அதிகம் பேர் அறியாதது. அழற்சி ஓய்ந்த நத்தைச்சுருளுக்குள் எலும்பு வளரத் தொடங்குகிறது. சிலருக்கு நோய் வந்த சில வாரங்களிலேயே. எலும்பு அடைத்துவிட்டால், காது கேட்பதற்காகப் பொருத்தும் உட்செவிக் கருவியின் மின்முனையை முழுமையாக உள்ளே செலுத்த முடியாது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஒரு வயது வரை காத்திருந்து அறுவை செய்வது வழக்கம். மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் இழந்த குழந்தைக்கு அந்தக் காத்திருப்பே வாய்ப்பைப் பறித்துவிடக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டத்தில், பேச்சு வருமுன் காது கேளாமற்போன குழந்தைக்குக் கருவி பொருத்த ஒரு வயது முதல் ஐந்து வயது வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது பிறவிக் குறையை மனத்தில் வைத்து எழுதிய விதி. மூளைக்காய்ச்சலுக்கு விலக்கு வேண்டும் என்பது என் கருத்து. 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மூளைக்காய்ச்சல் வழிகாட்டுதல், டிஸ்சார்ஜுக்கு முன்பே காதுச் சோதனை நடக்க வேண்டும், முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும் என்கிறது.

‘பிறந்தபோதே காது டெஸ்ட் செய்தோம், பாஸ் என்று கொடுத்திருக்கிறார்கள்’ என்று பெற்றோர் சொல்வார்கள். அந்தத் தாள் சொல்வது பிறந்த அன்றைய நிலையை. இரண்டாம் மாதத்தில் வந்த நோய் பறித்துக்கொண்ட செவியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்கு எவ்வளவு நல்ல பழைய முடிவு இருந்தாலும் மறுபடி பெரா என்னும் காதுச் சோதனை செய்தாக வேண்டும். கதவை அறைந்தால் திரும்பிப் பார்க்கிறது என்பதும் சான்றாகாது: அதிர்வையும் காற்றசைவையும் உணர்ந்து குழந்தை திரும்பும், ஒரு காது மட்டும் நன்றாக இருந்தாலும் திரும்பும்.

4. ‘தடுப்பூசி வந்துவிட்டதே’

நோயே அருகிவிட்டபோது இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஹீமோஃபிலஸ் பி தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. புதுச்சேரிக்கு அடுத்த கட்டத்திலேயே வந்துவிட்டது. அது வருமுன் இந்தியாவில் இந்த நோய் உண்மையிலேயே இருக்கிறதா என்று பெரிய விவாதம் நடந்தது, வழக்கும் நடந்தது. வேலூர் வட்டாரத்தில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 32 பேருக்கு ஹீமோஃபிலஸ் பி மூளைக்காய்ச்சல் வருவதாகக் கணக்கிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாரையும் சேர்த்தால் 7.1. கைக்குழந்தைகள்மீது சுமை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில வட மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என்று அது போடப்படுகிறது.

தடுப்பூசியின் வெற்றியை நான் மறுக்கவில்லை. அதுதான் முதல் அரண். ஆனால் இந்தக் கிருமிகளுக்கான முதல் ஊசி ஆறாம் வாரத்தில். அதற்கு முன்பே ஈ.கோலையாலும் க்ளெப்சியெல்லாவாலும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸாலும் வரும் மூளைக்காய்ச்சலுக்கு நம் அட்டவணையில் ஊசியே இல்லை. அந்தப் பருவத்தில் வரும் நோய்தான் மூளையறைகளுக்குள்ளேயே சீழ் பிடிக்கச் செய்வதில் முன்நிற்கிறது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவருவதும் அங்கேதான். நிமோகாக்கஸிலும் தடுப்பூசிக்குள் அடங்காத வகைகள் பல உண்டு. ஆக எண்ணிக்கை குறையும், அற்றுப்போகாது. எண்ணிக்கை குறைந்ததை நான் என் பக்கத்து வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர வேண்டுமென்றால் எந்தச் சுகாதார நிலையமும் கையை விரித்துவிடும். ஒரு கொம்யூனில் ஓராண்டில் இப்படி வீடு திரும்பும் குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொடர்வது ஒரு செவிலியரால் ஆகக்கூடிய வேலை.

5. ‘ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லையே’

இந்தியாவின் வேறெந்தக் கிராமப்புறத்திலும் இந்த ஆட்சேபத்துக்கு இவ்வளவு வலு இருக்காது. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, அரியூரிலும் மதகடிப்பட்டிலும் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையமே இருக்கிறது. குருவிநத்தத்துத் தாய்க்கும் தொண்டமாநத்தத்துத் தாய்க்கும் நிபுணர் ஒரு பஸ் தூரத்தில். அப்படியிருந்தும் தொடர்ச்சி அறுபடுகிறது என்றால் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

முதற்காரணம், பின்கவனிப்பு என்பது ஒரு வருகையல்ல. குழந்தை மருத்துவம் ஒரு நாள், காதுப் பிரிவு ஒரு நாள், கண் ஒரு நாள், நரம்பியல் ஒரு நாள், பிசியோதெரபி வாரம் இருமுறை. தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சம்பளம். குழந்தையோ பார்வைக்கு நன்றாக இருக்கிறது. பால் குடிக்கிறது, சிரிக்கிறது. நன்றாக இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டாம் என்று அந்தத் தாய் முடிவெடுத்தால், அவளுக்குத் தெரிந்த தகவலின்படி அது சரியான முடிவு. குறை பருவம் வந்து காட்டும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் நம் நிலப்படத்திலேயே இருக்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. பாகூர்க் கொம்யூன் கடலூர் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருக்கிறாள். அங்கே கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் தமிழ்நாட்டின் பிக்மி எண். இங்கே இன்னொரு பதிவேடு. ஒன்றில் ‘தாய்வீடு சென்றார்’, மற்றதில் ‘கணவர் வீடு சென்றார்’. அந்த இடைவெளி மாதங்கள்தான் தலையை அளக்க வேண்டிய மாதங்கள், காதைச் சோதிக்க வேண்டிய வாரங்கள். பெரிய ஆஸ்பத்திரி எத்தனை இருந்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது. வீட்டு வாசலை அறிந்த ஒருவரால்தான் முடியும்.

6. யார், எப்போது, எதை

நம் நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் வரச்செய்யும் ஒரே ஏற்பாடு தடுப்பூசிதான். 6, 10, 14ஆம் வாரங்கள், 9ஆம் மாதம், 16 முதல் 24 மாதம். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைக்கு ஊசியே ஆகாது என்று சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. ஹீமோஃபிலஸ் பி வந்து பிழைத்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நோயால் நம்பகமான எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. ஊசி கட்டாயம் தொடர வேண்டும். ஆகவே குழந்தை எப்படியும் வரும், வர வேண்டும். வந்தபோது எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் நாடாவும் இருக்கட்டும். தாய் சேய் அட்டையில் எடைக்குக் கீழே தலைச்சுற்றளவு ஏறட்டும். பெரா சோதனை நடந்ததா, இல்லையென்றால் எந்தத் தேதிக்கு எங்கே என்று அங்கேயே போனில் கேட்டு எழுதப்படட்டும்.

இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 14ஆம் வாரத்துக்கும் 9ஆம் மாதத்துக்கும் இடையே ஊசி எதுவும் இல்லை. கிட்டத்தட்ட ஆறு மாதக்காலம் வெற்றாகக் கிடக்கிறது. தலை விரிவதும், ஒரு கை பின்தங்குவதும், குப்புற விழாததும், கழுத்து நிற்காததும் தெரியவரும் காலம் அதுவே. அங்கேதான் அங்கன்வாடி வருகிறது. அங்கன்வாடிச் சகோதரிகளே, நீங்கள் மாதாமாதம் எடை பார்க்கிறீர்கள். ஆறாம் மாதத்திலிருந்து சத்துமாவு கொடுக்கிறீர்கள். எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்லவில்லை. மூளைக்காய்ச்சலிலிருந்து வீடு திரும்பியவர்களின் பட்டியலைப் பார்த்துச் செவிலியர் சொல்லும், உங்கள் பகுதியின் ஒன்றோ இரண்டோ குழந்தைகளுக்கு மட்டும் நாடாவைச் சுற்றி, இரண்டு கைக்கும் பொருளை நீட்டிப் பாருங்கள். வேலைப்பளு பற்றிய உங்கள் முறையீடு நியாயமானது. ஏற்கெனவே உங்கள் தலையில் ஏற்றியிருக்கும் பதிவேடுகளில் சிலவற்றை இறக்கிவிட்டு இதை ஏற்ற வேண்டும் என்று துறையிடம் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

நாடா பொய்யாகப் பயமுறுத்தும் என்பார்கள். அரை செ.மீ. பிழை யாருக்கும் வரும். தகப்பனுக்கே பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் பெரிய தலை இருக்கும். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாமல் வளரும் வேகத்தைப் பார்க்கச் சொல்கிறோம். வீண் பயத்தின் விலை ஒரு பஸ் பயணமும் உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் ஒரு ஸ்கேனும். தவறவிட்டதன் விலையை முன்பே சொன்னேன். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: பட்டியலில் பெயர் ஏறினால், ‘மூளையில் கோளாறு உள்ள பிள்ளை’ என்று ஊர் பேசும், பெண் குழந்தையென்றால் அந்தப் பேச்சு கல்யாணம் வரை தொடரும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியல் செவிலியரின் கையில் மட்டும் இருக்க வேண்டும், அதில் நோயின் பெயரும் தேதியும் தவிரக் குறை என்ற சொல்லே வரக்கூடாது, இரண்டு வயதில் எல்லாம் சரியாக இருந்தால் பெயரை நீக்கிவிட வேண்டும். அப்படி நீக்கப்படுகிறவர்கள்தான் பெரும்பான்மையாக இருப்பார்கள். ஐந்தில் நான்கு குழந்தைகள் நலமாகவே வளர்கின்றன என்பதையும் முதல் நாளிலேயே தாயிடம் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஆஸ்பத்திரிகளிடம் ஒரு கோரிக்கை. டிஸ்சார்ஜ் சீட்டு மூன்று பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாலித்தீன் கவருக்குள் மடித்துவைத்த அந்தத் தாளைச் செவிலியர் பார்க்கும்போது ஆய்வக எண்கள்தான் கண்ணில் படுகின்றன. அதன் மேல் தனியாக ஒரு சிறு சீட்டு தமிழில் இருக்கட்டும். நோயின் பெயர், எந்தக் கிருமி, வீடு திரும்பிய அன்று தலைச்சுற்றளவு எவ்வளவு, பெரா சோதனை எந்தத் தேதியில், வலிப்பு மருந்து உண்டா, குழந்தை அடுத்த மூன்று மாதம் இருக்கப்போவது தாய்வீட்டிலா கணவர் வீட்டிலா. அதன் ஒரு படி அந்த முகவரிக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். முகவரி கண்டமங்கலமோ கடலூரோ ஆனாலும் போக வேண்டும். 2030க்குள் மூளைக்காய்ச்சலை ஒடுக்குவதற்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த திட்டத்தில், பிழைத்தவர்களுக்கான ஆதரவும் ஐந்து தூண்களில் ஒன்று. நம் பக்கத்தில் அந்தத் தூணை எழுப்ப அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அரங்கில் இருக்கும் மருத்துவ அதிகாரிகளும் செவிலியர்களும் ஒத்துக்கொண்டால் அடுத்த மாதமே இந்தச் சீட்டை அச்சடித்துவிடலாம்.